‘லா பிளானெத் சொவாஜ்’: திரும்பப் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: “இருபது வருஷத்துக்கு முன் நண்பர் கொடுத்த விசிடியில் ‘ஃபென்டாஸ்டிக் பிளானெட்’ என்று ஒரு கார்ட்டூன் படம் பார்த்தேன். நீல நிற ராட்சதர்கள் மனிதர்களை நாய்க்குட்டி மாதிரி வளர்ப்பார்கள். பாதி புரியவில்லை, மறக்கவும் முடியவில்லை. இப்போது சுத்தம் செய்த பிளூரே கிடைக்கிறது என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கித் திரும்பப் பார்க்கிற அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா? பத்து வயசுப் பையனோடு பார்க்கலாமா?”

வாங்குங்கள், பாருங்கள். முதல் தடவை பையனை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கு நீங்கள் பார்த்தது கதையை மட்டும்தான் என்பேன். படம் இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்கும் இதே கதிதான். 90-களின் பின்பாதியில் நண்பன் வீட்டு 21 இஞ்ச் டிவியில், எத்தனையாவது நகல் என்று தெரியாத ஒரு விஎச்எஸ் கேசட்டில் முதல் தடவை பார்த்தேன். நீலம் பச்சைப் பக்கம் கசிந்திருந்தது, திரையின் அடியில் ஒரு கோடு நெளிந்துகொண்டே இருந்தது. “பொம்மை அசையவே மாட்டேங்குது, காசு இல்லாம எடுத்த படம் போல” என்றான் நண்பன். நானும் தலையாட்டினேன். அப்புறம் டிவிடி, அப்புறம் பிளூரே என்று இன்னும் இரண்டு முறை பார்த்தாயிற்று. இப்போது அந்தத் தலையாட்டலை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அடிப்படைத் தகவலை முதலில் முடித்துவிடுகிறேன். படம் 1973-ல் வந்தது, ஓடும் நேரம் 72 நிமிஷம். இயக்கியவர் பிரெஞ்சுக்காரர் ரெனே லாலூ. அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதி, உலகத்தையும் ஆட்களையும் வரைந்து கொடுத்தவர் ரோலான் தோப்போர். மூலக்கதை ஸ்டெஃபான் வூல் 1957-ல் எழுதிய நாவல். ஸ்டெஃபான் வூல் என்பது புனைபெயர். நிஜப் பெயர் பியேர் பைரோ, தொழில் பல் டாக்டர். வேலை நடந்தது செக்கோஸ்லோவாகியாவில், பிராகில் உள்ள யிர்ஷி த்ரின்கா ஸ்டூடியோவில். அந்த வருஷம் கான் விழாவில் சிறப்புப் பரிசு வாங்கியது. அமெரிக்காவில் வெளியிட்டவர் ரோஜர் கோர்மன், மலிவான பேய்ப் படங்களுக்குப் பேர்போன அதே மனிதர். உங்கள் விசிடியில் இருந்தது அநேகமாக அந்த ஆங்கில டப்பிங்தான்.

பெயரிலேயே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ‘லா பிளானெத் சொவாஜ்’ என்ற பிரெஞ்சுத் தலைப்புக்கு ‘காட்டுக் கிரகம்’ என்று பொருள். ஆங்கிலத்தில் அதை ‘அற்புதக் கிரகம்’ என்று மாற்றிவிட்டார்கள். தவிர, கதை நடக்கும் கிரகத்தின் பெயர் இகாம். காட்டுக் கிரகம் என்று படம் சொல்வது இகாமைச் சுற்றி வரும் நிலாவை. கடைசிப் பத்து நிமிஷம் வரை அங்கே யாரும் போவதில்லை.

இன்னொரு குழப்பம் நமக்கே உரியது. படத்தில் மனிதர்களுக்குப் பெயர் ‘ஓம்’. ராட்சதர்கள் த்ராகுகள், அவர்கள் நாளெல்லாம் கண்ணைச் சொருகிக்கொண்டு தியானத்தில் இருப்பார்கள். தமிழ்க் காதுக்கு ஓம் என்றால் வேறென்ன? பக்கத்திலேயே தியானம் வேறு. முதல் தடவை பார்த்துவிட்டு வந்து, யாரோ வெள்ளைக்காரர் உபநிஷத்து படித்துவிட்டுப் படம் எடுத்திருக்கிறார் என்று நான் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். விஷயம் ரொம்பச் சாதாரணம். பிரெஞ்சில் மனிதனுக்குள்ள சொல்லை உச்சரித்தால் ஓம் என்றுதான் கேட்கும். எழுத்துக்கூட்டலை மட்டும் வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள். நாயகன் பெயர் டெர், அது பூமிக்கான பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். ஒரு பிரெஞ்சுப் பார்வையாளருக்கு இது முதல் நொடியிலேயே உறைக்கும்: மனிதனைக் குறிக்கும் சொல்லே குட்டி நாய்க்கு வைக்கிற பெயர் மாதிரி சின்னதாகிக் கிடக்கிறது.

சரி, விசிடியில் என்ன போயிற்று என்று பார்ப்போம். விசிடி என்பது 352-க்கு 288 புள்ளி. பிளூரே 1920-க்கு 1080, கணக்குப் போட்டால் இருபது மடங்கு. வேறு பல படங்களுக்கு இந்த இருபது மடங்கு ஒரு சொகுசு, அவ்வளவுதான். ஒரு டிஸ்னி படத்தை விசிடியில் பார்த்தாலும் கறுப்புக் கோட்டுக்குள் தட்டையாக அப்பிய வண்ணம் எப்படியோ தப்பிப் பிழைத்துவிடும். இந்தப் படம் தப்பாது. இதன் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் பேனாக் கீறல். பாறை, செடி, மனித முதுகு, வானம் எல்லாமே நெருக்க நெருக்கமாகக் கோடு போட்டு நிழல் காட்டிய பழைய செப்புத்தகட்டுச் சித்திரம் போல இருக்கும். அந்தக் கோடுகளை விசிடியும் மோசமான டிவிடியும் இரைச்சல் என்று எண்ணி வழித்து எடுத்துவிடும். மிஞ்சுவது மங்கலான பழுப்பு. நாம் பார்த்தது அந்தப் பழுப்பைத்தான்.

கீறல் எதற்கு என்று கேட்டால் அனிமேஷன் முறைக்குப் போக வேண்டும். வழக்கமான செல் முறையில், ஒளி புகும் தாளில் ஒவ்வொரு அசைவையும் புதிதாக வரைவார்கள். அதில் இப்படிக் கீறல் போட்டால் தொலைந்தோம். அடுத்த தாளில் அதே நூறு கோட்டை அதே இடத்தில் எவராலும் போட முடியாது. ஓட்டிப் பார்த்தால் தோல் முழுக்க எறும்பு மொய்ப்பது மாதிரி கொதிக்கும். அதனால்தான் செல் படங்களில் தோல் வழவழவென்று இருக்கிறது. லாலூ எடுத்துக்கொண்டது வெட்டுக் காகிதம். உருவத்தைக் காகிதத்தில் கீறலோடு வரைந்து, கத்தரித்து, பின்னணியின் மேல் வைத்து, கேமராவுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுப்பது. நகர்த்தி மட்டும் காட்ட முடியாத நிலைகளுக்கு வேறு வேறு காகிதங்கள். ஒரே காகிதம் நகரும்போது அதிலுள்ள கோடும் கூடவே நகரும், கொதிக்காது. தோப்போரின் பேனா அப்படியே உயிரோடு திரைக்கு வர இதுதான் வழியாக இருந்தது. தோப்போர் ஓவியங்களைக் கொடுத்ததோடு சரி. பிராகில் உட்கார்ந்து அவர் பாணியில் ஆட்களை வார்த்தெடுத்தவர் யோசெஃப் காப்ர்ட், பின்னணிகளுக்குப் பொறுப்பு யோசெஃப் வாஞா. இந்த இரண்டு பேரும் சுவரொட்டியில் கவனிக்கப்படாத பெயர்கள். என்னைக் கேட்டால் படத்தில் பாதி அவர்களுடையது.

பிளூரே கைக்கு வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். சின்னக் குழந்தை டெர், திவா என்ற த்ராக் சிறுமியின் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்றில் நிறுத்துங்கள். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போங்கள். நீலக் கை மலைச் சரிவு மாதிரி வழுவழுப்பாகக் கிடக்கும். அதன் மேல் இருக்கும் பையன் முழுக்கக் கோடு. கை முடிந்து வேறு காகிதம் தொடங்கும் விளிம்பு தெரியும். ராட்சதர்கள் மெழுகு, மனிதர்கள் கீறல். யார் தோலில் காயம் படும், யார் தோலில் படாது என்று வசனம் இல்லாமலே சொல்லியாயிற்று. கேசட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

அசைவு விறைப்பாக இருக்கிறது என்ற குறையும் இங்கேதான் கரைகிறது. த்ராகுகள் திரும்பும்போது தலை மட்டும் திரும்பும். பேசும்போது வாய் மட்டும் கொஞ்சம் அசையும். சிவப்புக் கண் இமைக்காது. முகத்தில் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது. கீழே மனிதர்கள் ஓடுகிறார்கள், தாவுகிறார்கள், கடிக்கிறார்கள், சாகிறார்கள். படம் சொல்லும் கணக்குப்படி த்ராகுகளின் ஒரு வாரம் ஓம்களுக்கு ஒரு வருஷம். இவ்வளவு மெதுவான ஆட்களை வேறு எப்படி அசைய வைப்பது?

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் ஓடிவருகிறாள். மேட்டில் ஏறுகிறாள். மேலிருந்து நீல விரல் ஒன்று வந்து சுண்டுகிறது, உருண்டு விழுகிறாள். எழுந்து மறுபடி ஏறுகிறாள், மறுபடி சுண்டுகிறது. வேறு பக்கம் திரும்பினால் வழியை மறிக்கிறது. கடைசியில் அவளைத் தூக்கி, உயரத்திலிருந்து விட்டுவிடுகிறது. அவள் அசையவில்லை. அப்போதுதான் கேமரா விலகுகிறது. விரல்களின் சொந்தக்காரர்கள் சின்னப் பிள்ளைகள். இனி இதை வைத்து விளையாட முடியாது என்ற சின்ன ஏமாற்றத்தோடு போய்விடுகிறார்கள். பக்கத்தில் குழந்தை அழுகிறது. அப்பாவோடு அந்த வழியாக வரும் திவா அதை எடுத்துக்கொள்கிறாள். அதுதான் டெர்.

இருபது வயதில் இதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் ஆத்திரம் வந்தது. இப்போது பார்த்தால் என் தீப்பெட்டிதான் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் அடைப்போம். உள்ளே இலை கிள்ளிப் போடுவோம், மூடியில் ஊசியால் ஓட்டை குத்துவோம், தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவோம், காலையில் முட்டை வைத்திருக்கிறதா என்று திறந்து பார்ப்போம். அத்தனை பாசமும் நிஜம். தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டதும் அதே வாரத்தில்தான். ஒரு நாள் வண்டு அசையாமல் கிடக்கும். “செத்துருச்சுடா” என்பான் ஒருவன். பெட்டியை உதறிவிட்டு அடுத்ததைத் தேடப் போவோம்.

படம் இந்த இடத்தை அபாரமாகப் பிடித்திருக்கிறது. திவா கெட்டவளே இல்லை. டெருக்கு விதவிதமாக உடுப்பு மாட்டுகிறாள், பெயர் வைக்கிறாள், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறாள். ஓடிப்போகாமல் இருக்கக் கழுத்தில் ஒரு பட்டை, பட்டனைத் தொட்டால் அவன் தரையோடு இழுபட்டுத் திரும்பி வருவான். விளையாட்டுக்கு அவன் தலைக்கு மேல் மட்டும் குட்டிப் புயல் உண்டாக்கி, அவன் தெறித்து ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பாள். அப்புறம் வளர்கிறாள். முதல் தியானம் பழகுகிறாள். பெரியவர்களுடைய உலகம் அவளை இழுத்துக்கொள்கிறது. டெரிடம் ஆர்வம் மெல்லக் குறைகிறது. சண்டை இல்லை, விரட்டல் இல்லை. அவ்வளவுதான், குறைகிறது. முதல் தடவை இது என் கண்ணிலேயே படவில்லை. அப்போது நான் டெர் தப்பிக்கிறானா என்பதில் குறியாக இருந்தேன். நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள்.

டெர் தப்பிக்கும் விதமும் இரண்டாம் தடவைதான் ருசிக்கும். த்ராக் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. நெற்றியில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டால் பாடம் நேரே மூளையில் இறங்கும். திவா பாடம் கேட்கும்போது டெரைக் கையில் வைத்துக்கொண்டிருப்பாள், அதனால் அவனுக்கும் சேர்த்து இறங்குகிறது. நாய்க்குட்டிக்கு நாலெழுத்து வந்துவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஓடும்போது அந்தப் பட்டையையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறான். பிறகு, கைவிடப்பட்ட பூங்காவில் ஒளிந்து வாழும் காட்டு ஓம்களோடு சேர்ந்தபின், சுவரில் த்ராகுகள் எழுதி வைத்த அறிவிப்பை வாசிக்கிறான்: இந்தப் பூங்காவில் ஓம் ஒழிப்பு நடக்கப்போகிறது. வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் சொன்னதைச் சிலர் நம்புகிறார்கள். கூட்டத்து மந்திரவாதிக்கு மட்டும் இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. ஒழிப்பு என்றால் நாம் மழைக்காலத்தில் தெருவுக்குப் புகை அடிப்பது போலத்தான். யாருக்கும் அவர்கள்மேல் பகை கிடையாது, பெருகிவிட்டார்கள், அவ்வளவே. த்ராக் சபையில் பெரியவர்கள் நிதானமாக விவாதித்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை அடிக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். மொத்தப் படத்திலும் என்னை அதிகம் நடுங்க வைப்பது அந்த நிதானமான குரல்கள்தான்.

கதை நகராமல் நிற்கும் இடங்கள் பல உண்டு, விசிடியில் நாம் ஃபாஸ்ட் ஃபார்வர்டு அடித்த இடங்கள். அவற்றை இந்தத் தடவை விட்டுவிடாதீர்கள். கூண்டு போன்ற ஒரு செடிக்குள் ஒரு பிராணி உட்கார்ந்திருக்கும். மூக்கு கிளை கிளையாக நீண்டு வெளியே வரும், பறக்கிறதைப் பிடித்துக் குலுக்கும், தரையில் அறையும், பிறகு சிரிக்கும். தின்னக்கூட இல்லை. ஏன் என்று படம் சொல்லாது, திரும்ப அந்தப் பிராணியைக் காட்டவும் காட்டாது. நிலமெல்லாம் படிகம் முளைத்து மூடிக்கொள்ளும் ஒரு காட்சி இருக்கிறது. டெர் விசில் அடித்தால் அவை நொறுங்கும். மார்பில் பல்லுள்ள மிருகத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் மோதும் சண்டை ஒன்று. இவை எதற்கும் கதையில் வேலை இல்லை. தோப்போர் மனசில் அந்த ஊர் அப்படி இருந்தது, வரைந்துவிட்டார்.

அடுத்து, இது எதைப் பற்றிய படம் என்ற கேள்வி. நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் பிளூரே அட்டையிலிருந்து கட்டுரைகள் வரை இது வந்து நிற்கும். அடிக்கடி சொல்லப்படுவது, 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்ததன் உருவகம் என்பது. எனக்கு இதில் பாதி ஒப்புதல்தான். படம் அந்த ஊரில், அந்த வருஷங்களில் தயாரானது, வரைந்தவர்கள் ஜன்னல் வழியாக என்ன பார்த்தார்கள் என்பது கோட்டில் இறங்கியிருக்கலாம். ஆனால் கதை அதற்குப் பதினோரு வருஷம் முன்பே ஒரு பிரெஞ்சுப் பல் டாக்டர் எழுதி முடித்தது. டாங்கியை விட எனக்கு முக்கியமாகத் தெரிவது தோப்போரின் சிறுவயது. பாரிஸில் குடியேறிய போலந்து யூதக் குடும்பம். நாஜி ஆக்கிரமிப்பில் அப்பா பிடிபட்டு பித்திவியே முகாமில் அடைபட்டு, அங்கிருந்து தப்பினார். பிள்ளை ரோலான் சவ்வா மலைப்பகுதியில் ஒளித்து வளர்க்கப்பட்டார். ஓம் ஒழிப்பு, நச்சுப் புகை, சுவர் அறிவிப்பு, ஒளிந்து வாழும் கூட்டம்: இவற்றுக்கு உருவகம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பின்னாளில் இயக்குநர் ரோமன் போலான்ஸ்கி படமாக்கிய ‘குடித்தனக்காரன்’ நாவலும் இதே தோப்போர் எழுதியதுதான். பக்கத்து வீட்டார் பார்க்கும் பார்வையிலேயே ஒருவனுக்குப் பித்துப் பிடிக்கும் கதை.

லாலூவின் வழி வேறு. இளைஞராக இருந்தபோது ஒரு மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கிருந்த நோயாளிகள் சொன்ன கதையை, அவர்களே வரைந்த படங்களைக் கொண்டு 1960-ல் ஒரு குறும்படமாக்கினார், ‘குரங்கின் பற்கள்’ என்று பெயர். அதிலும் ஒரு பல் டாக்டர் வருகிறார், அது தற்செயல்தான் என்று நினைக்கிறேன். பின்னர் காமிக்ஸ் ஓவியர் மோபியஸோடு 1982-ல் ஒன்று, காசா என்ற இன்னொரு காமிக்ஸ் ஓவியரோடு 80-களின் கடைசியில் ஒன்று என்று இன்னும் இரண்டு முழுநீளப் படங்கள் எடுத்தார். முதலாவதன் அனிமேஷன் ஹங்கேரியில், இரண்டாவதற்கு வட கொரியாவில் நடந்தது. இரண்டும் செல் முறை. இரண்டிலும் நல்ல கற்பனை இருக்கிறது, கீறல் இல்லை. ஒருமுறை பார்த்தேன், போதும் என்றிருந்தது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கடைசிக் கால் மணி நேரம் பாதி எழுதிய பரீட்சை மாதிரி. மணி அடிக்கப்போகிறது என்று அவசர அவசரமாக முடிக்கிறார்கள். ஓம்கள் பழைய ராக்கெட் கிடங்கில் குடியேறுகிறார்கள், ராக்கெட் கட்டுகிறார்கள், நிலாவுக்குப் போகிறார்கள். அங்கே தலையில்லாத பெரிய சிலைகள். தியானத்தில் உடம்பை விட்டுக் கிளம்பும் த்ராகுகள் குமிழியாக வந்து இந்தச் சிலைகளின் கழுத்தில் அமர்ந்து, வேறு அண்டங்களிலிருந்து வருபவர்களோடு ஜோடி சேர்ந்து நடனமாடுகிறார்கள். அந்த நடனம் அற்புதம். சிலைகளை உடைத்தால் த்ராகுகள் வீழ்வார்கள் என்று ஓம்கள் கண்டுபிடிக்க, உடனே போர், உடனே சமாதானம், உடனே ஓம்களுக்கென்று ஒரு செயற்கைக் கோள். எல்லாம் கதைசொல்லியின் நாலு வாக்கியத்தில் முடிந்துபோகும். ஐந்து நிமிஷம் சேர்த்திருந்தால் கெட்டுப்போயிருக்காது. டெரைத் தவிர ஓம்களில் யாருக்கும் முகம் மனசில் நிற்காது, பெண்களுக்கு இன்னும் மோசம். அவன் கழுத்துப் பட்டையை அறுத்துவிடும் பெண்ணுக்குப் படம் கொடுக்கும் மரியாதை ரொம்பக் குறைவு.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அலேன் கொராகேர், ஜாஸ் பியானோ வாசிப்பவர், பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூரின் ஆரம்ப காலப் பாடல்களுக்கு இசைக்கோர்ப்பு செய்தவர். ஒரே மெட்டு, அதை மின் பியானோவில், புல்லாங்குழலில், வா-வா கிட்டாரில் என்று உருட்டி உருட்டிப் படம் முழுக்கப் பரப்பியிருப்பார். தாளம் சோம்பலாக நடக்கும், நடுவே பெண் குரல் ஒன்று சொல்லில்லாமல் முனகும். படமே பார்க்காதவர்கள்கூட இதைக் கேட்டிருப்பார்கள். அமெரிக்க ஹிப்ஹாப் இசைஞர் மாட்லிப் 2000-ல் க்வாசிமோட்டோ என்ற பெயரில் போட்ட ஆல்பத்திலிருந்து தொடங்கி, ஹிப்ஹாப்காரர்கள் இதை வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கொராகேர் 2023-ல் காலமானார்.

இந்த இசைக்காகவே பழைய ஐரோப்பிய டிவிடியைத் தவிர்த்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 சட்டம், அதாவது 24 ஃப்ரேம். ஐரோப்பிய டிவிக்கான ‘பால்’ (PAL) முறை டிவிடி அதை 25-ஆக ஓட்டும். 72 நிமிஷப் படம் 69 நிமிஷத்தில் முடியும், அது பரவாயில்லை. ஆனால் ஸ்ருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். எல்பி ரெக்கார்டில் கேட்டுப் பழகியவருக்கு டிவிடியில் கேட்டால், பாடகர் காபி குடித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். பிளூரேயில் 24 அப்படியே 24.

எந்தப் பிளூரே என்றால், அமெரிக்காவில் க்ரைடீரியன் 2016-ல் 2கே தரத்தில் புதிதாகச் சீரமைத்து வெளியிட்டது. பிரிட்டனில் யுரேகா தன் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா’ வரிசையில் அதற்கு முன்பே ஒன்று போட்டது. டிஸ்க்கையும் பிளேயரையும் நாடு வாரியாக ஏ, பி, சி என்று மண்டலம் பிரித்துப் பூட்டியிருப்பார்கள், வாங்குமுன் உங்கள் பிளேயரின் மண்டலத்தைப் பாருங்கள். இந்தியாவில் விற்ற பிளேயர் சி மண்டலம். அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. லண்டன், பாரிஸ் பி. டொராண்டோவில் இருக்கும் மச்சான் அனுப்பிய டிஸ்க், மதுரையில் வாங்கிய பிளேயரில் ஓடாமல் போகலாம். பூட்டைத் திறந்துவிட்ட பிளேயர் இருந்தால் கவலை இல்லை.

ஒலிக்கு பிரெஞ்சையே வையுங்கள், ஆங்கில சப்டைட்டில் போதும். ஆங்கில டப்பிங்கில் பெரிய டெரின் குரல் நடிகர் பேரி போஸ்ட்விக், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆங்கிலக் குரல்கள் ‘இது விசித்திரமான படம்’ என்று நமக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிற மாதிரி எனக்குப் படுகிறது. பிரெஞ்சில் எல்லாரும் வானிலை அறிக்கை வாசிக்கிற தொனியில் பேசுவார்கள். படத்துக்கு அந்தத் தொனிதான் பொருந்துகிறது.

டிவியில் ஒரு வேலை பாக்கி, இது முக்கியம். மோஷன் ஸ்மூத்திங் என்று ஒன்று இருக்கும், கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை அணைத்துவிடுங்கள். இரண்டு சட்டத்துக்கு நடுவே இல்லாத ஒரு சட்டத்தை டிவியே கற்பனை செய்து செருகும் வசதி அது. வெட்டுக் காகிதம் தத்தித் தத்தி நகர்வதில்தான் இந்தப் படத்தின் உயிர். டிவி அதை வழுக்க விட்டால் த்ராகுகள் எண்ணெயில் மிதப்பது போல இருக்கும். ஷார்ப்னெஸ்ஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், கீறலுக்கு மேல் டிவி தன் பங்குக்கு வேறு கோடு போட வேண்டாம். இரண்டு பக்கமும் மெல்லிசாகக் கறுப்புப் பட்டை தெரியும். படத்தின் அகலம் உயரத்தைப் போல 1.66 மடங்கு, டிவிக்கு 1.78. சரியாகத்தான் இருக்கிறது, ஜூம் செய்து தலையை வெட்டிவிடாதீர்கள்.

இனி பையன். அமெரிக்காவில் இதற்குப் பிஜி சான்றிதழ் கொடுத்தார்கள், பெற்றோர் துணையோடு யாரும் பார்க்கலாம் என்று. 73-ல் ஆட்கள் தைரியசாலிகள். ஓம்கள் பாதி நேரம் அரைகுறை ஆடையில் இருப்பார்கள், பெண்களின் மார்பு தெரியும். அதைச் சமாளித்துவிடலாம், கோயில் கோபுரம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தானே. பிரச்சினை முதல் மூன்று நிமிஷம். ஒரு அம்மா விளையாட்டுப் பொருளாகி, எந்த இசை எச்சரிக்கையும் இல்லாமல் செத்துப்போகிறாள். பயமுறுத்துகிற காட்சிகளுக்குப் பிள்ளைகள் பழகியிருப்பார்கள். யாருமே அழாத சாவுக்குப் பழகியிருக்க மாட்டார்கள். நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிட்டு, உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும், முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் பன்னிரண்டு, பதிமூன்று வரை பொறுப்பேன்.

அதுவரை அவனுக்குக் காட்ட அதே க்ரைடீரியன் டிஸ்க்கிலேயே ஒன்று இருக்கிறது. லாலூவும் தோப்போரும் 60-களின் நடுவில் சேர்ந்து செய்த ‘நத்தைகள்’, பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். ஒரு விவசாயி, தோட்டத்தில் கீரை வளரவே மாட்டேன் என்கிறது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுகிறார். கண்ணீர் பட்ட கீரை குபுகுபுவென்று மரம் மாதிரி வளர்ந்துவிடுகிறது. அப்புறம் அழுவதற்கென்றே ஏற்பாடு செய்துகொண்டு பாத்தி பாத்தியாகப் போகிறார். அந்தக் கீரையைத் தின்ற நத்தைகள் வீடு உயரத்துக்கு வளர்ந்து பட்டணத்தை நோக்கி ஊர்கின்றன. என் அக்கா மகன் இதை ஒரே மாலையில் நாலு தடவை போடச் சொன்னான்.